சட்டமன்றத்தை அவமதித்தவரைச் சட்டமன்றமே தண்டிக்கலாமா?

கேள்வி: சிப்புட்_வாசகன்

ஐயாமார், அண்ணன்மார், அக்காமார் அனைவருக்கும் வணக்கம். மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊருக்குப் பக்கத்தில், பால்மரங்களை வெட்டிவிட்டுச் செம்பனைக்கு மாறிய ஒரு தோட்டத்தில், பழைய லயங்களிலேயே (தொழிலாளர்களின் வரிசை வீடுகளிலேயே) இன்னும் சில குடும்பங்கள் குடியிருக்கின்றன. அவர்களுக்கு மாற்று வீடு தருவது பற்றி இந்த முறையாவது மாநிலச் சட்டமன்றத்தில் பேசுவார்கள் என்று காத்திருந்தோம். கூட்டத்தொடர் முடிந்துவிட்டது, எங்கள் விவகாரம் எடுக்கப்படவே இல்லை. அந்த ஆத்திரத்தில் என் தம்பி, சட்டமன்றம் என்பது வெற்றுப் பேச்சுக்குக் கூலி கொடுக்கும் இடம் என்றும், அங்கே பாதிப் பேர் தூங்குவதற்காகவே போகிறார்கள் என்றும் முகநூலில் எழுதிவிட்டான்.

அதைப் படித்த பெரியவர் ஒருவர், இதற்குப் போலீசும் வேண்டாம், கோர்ட்டும் வேண்டாம், சட்டமன்றமே ஆளைக் கூப்பிட்டு நிறுத்தித் தண்டிக்கும், தமிழ்நாட்டில் பத்திரிகை ஆசிரியரையே அப்படித்தான் சிறைக்கு அனுப்பினார்கள் என்று சாப்பாட்டுக் கடையில் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து அம்மா, எழுதியதை அழித்துவிடு என்று தம்பியை நச்சரித்துக்கொண்டே இருக்கிறார். உண்மையிலேயே ஒரு சட்டமன்றத்துக்கு அப்படி ஓர் அதிகாரம் உண்டா, உண்டென்றால் அது உறுப்பினர் அல்லாத சாதாரணக் குடிமகன் மீதும் பாயுமா, நீதிமன்றம் அதில் தலையிட முடியுமா என்பதை விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

---

பதில்: ஈப்போ_வழக்குரைஞர்

தம்பி, முதலில் அம்மாவைத் தைரியமாக இருக்கச் சொல்லுங்கள். உங்கள் தம்பி எழுதியது ஒரு கசப்பான கருத்து. குறிப்பிட்ட ஓர் உறுப்பினர் இன்ன குற்றத்தைச் செய்தார் என்று பெயர் சொல்லி அவர் எழுதவில்லை. அந்த வேறுபாடு சட்டத்தில் பெரிது. ஆனாலும் அந்தப் பெரியவர் சொன்னதில் பொருள் இல்லாமல் இல்லை. அப்படி ஓர் அதிகாரம் இருக்கத்தான் செய்கிறது, அது குடிமக்கள் மீதும் செல்லும்.

அதன் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. 1642இல் மன்னர் முதலாம் சார்லஸ் ஆயுதம் தாங்கிய ஆட்களோடு மக்களவைக்குள் நுழைந்து ஐந்து உறுப்பினர்களைப் பிடித்துச் செல்ல முயன்றார். அப்படிப்பட்ட காலத்தில், தங்களைத் தடுப்பவரையும் மிரட்டுபவரையும் தாங்களே தண்டிக்கும் உரிமை இல்லாமல் ஓர் அவை உயிரோடு இருந்திருக்க முடியாது. பிறகு மன்னரின் அச்சம் அகன்றுவிட்டது, அதிகாரம் மட்டும் அகலவில்லை. அது அச்சகத்தார் மீதும் செய்தித்தாள் ஆசிரியர்கள் மீதும் திரும்பியது. இங்கிலாந்தின் மக்களவை கடைசியாக அபராதம் விதித்தது 1666இல். ஒருவரைக் காவலில் வைத்தது 1880க்குப் பிறகு நிகழவே இல்லை. 1957இல், பெட்ரோல் பங்கீட்டில் உறுப்பினர்களுக்குச் சலுகை கிடைக்கிறது என்று எழுதிய சண்டே எக்ஸ்பிரஸ் ஆசிரியர் ஜான் ஜூனர் அவையின் முன் அழைத்து நிறுத்தப்பட்டு மன்னிப்புக் கேட்டார். அதற்குமேல் அவருக்கு ஒன்றும் நேரவில்லை.

நம் நாட்டில் இது கூட்டரசு அரசியலமைப்பின் 63ஆம் பிரிவிலிருந்து தொடங்குகிறது. நாடாளுமன்ற அவைகளின் நடவடிக்கை செல்லுமா செல்லாதா என்று எந்த நீதிமன்றத்திலும் கேள்வி எழுப்பக் கூடாது என்பது அதன் முதல் உட்பிரிவு. மாநிலச் சட்டமன்றங்களுக்கு அதே பாதுகாப்பை 72ஆம் பிரிவு தருகிறது. இவற்றுக்குக் கீழே, விடுதலைக்கு முன்பே, 1952இல் இயற்றப்பட்ட நாடாளுமன்ற அவைகளின் சிறப்புரிமைகள், அதிகாரங்கள் பற்றிய சட்டம் இருக்கிறது. சட்டத் தொகுப்பில் அதன் எண் 347. அழைப்பாணையை மதிக்காமல் இருப்பது, கேட்ட ஆவணத்தைக் கொடுக்க மறுப்பது, உறுப்பினரைத் தாக்குவது அல்லது தடுப்பது போன்ற செயல்களை அது அவை அவமதிப்பு என்று வரையறுத்து, நீண்ட வழக்கு விசாரணை இல்லாமலே அபராதம் விதிக்கும் அதிகாரத்தை அவைக்கே கொடுக்கிறது. மாநிலச் சட்டமன்றங்கள் தங்களுக்கென்று தனிச் சட்டம் வைத்திருக்கின்றன.

ஆனால் நடைமுறையில் இங்கே இந்த அதிகாரம் அடித்தது பெரும்பாலும் அவைக்குள் இருப்பவர்களைத்தான். 2009 மார்ச்சில் கோபிந்த் சிங் டியோ ஊதியமின்றி ஓராண்டுக்கு இடைநீக்கம் செய்யப்பட்டார். 2010 டிசம்பரில் அன்வார் இப்ராகிம், கர்பால் சிங், அஸ்மின் அலி, சிவராசா ராசையா ஆகிய நால்வரும் ஆறு மாதத்துக்கு வெளியேற்றப்பட்டனர். 2015 அக்டோபரில், சபாநாயகரிடம் மன்னிப்புக் கேட்க மறுத்த லிம் கிட் சியாங்கும் ஆறு மாதத்துக்கு வெளியே இருந்தார். இவர்கள் அனைவருமே அந்த நேரத்தில் எதிர்க்கட்சி வரிசையில் அமர்ந்திருந்தவர்கள் என்பதை நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

முகநூலில் எழுதுகிற ஒருவர் நிஜமாகவே அஞ்ச வேண்டியது வேறு சட்டங்களுக்கு. அரசின் மீது வெறுப்பையோ இனங்களுக்கிடையே பகையையோ தூண்டுவதற்கு எதிரான தேச நிந்தனைச் சட்டம் இருக்கிறது, இணையத்தில் பிறரைத் தொல்லைப்படுத்தும் நோக்கில் எழுதுவதற்கு எதிரான தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவு இருக்கிறது, அவதூறு வழக்கு இருக்கிறது. உங்கள் தம்பியின் இரண்டு வரிக்கு அவை எதுவும் பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை.

---

பதில்: பழைய_தலைமையாசிரியர்

வழக்குரைஞர் தம்பி நன்றாக விளக்கினார். கடையில் பெரியவர் சொன்ன பத்திரிகை ஆசிரியர் கதையை நான் கூறுகிறேன். அந்த நாளில் எங்கள் தோட்டத்துக்குத் தபாலில் வந்துகொண்டிருந்த இதழ் அது என்பதால் எனக்கு அது நன்றாக நினைவிருக்கிறது.

1987இல் ஆனந்த விகடன் தன் அட்டையில் ஒரு நகைச்சுவைச் சித்திரம் வெளியிட்டது. மேடையில் இருக்கும் இருவரில் சட்டமன்ற உறுப்பினர் யார், அமைச்சர் யார் என்று ஒருவர் கேட்க, ஜேப்படித் திருடன் போல இருப்பவர் ஒருவர், முகமூடிக் கொள்ளைக்காரர் போல இருப்பவர் மற்றொருவர் என்ற பொருளில் பதில் வரும். எம்.ஜி.ஆர். முதலமைச்சர், பி.எச். பாண்டியன் சபாநாயகர். மன்னிப்புக் கேட்க மறுத்த ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. நீதிமன்றம் விதித்த தண்டனை அல்ல, சட்டமன்றம் விதித்தது. நாடெங்கும் எழுந்த எதிர்ப்பினால் இரண்டு நாளில் அவரை விடுவித்துவிட்டார்கள். அவர் அதோடு விடாமல் வழக்குத் தொடுத்து, 1994இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வென்று, அடையாள இழப்பீடாக ஆயிரம் ரூபாய் பெற்றார்.

அதற்குப் பிறகாவது புத்தி வந்ததா என்றால் இல்லை. 2003 நவம்பர் 7 அன்று, காளிமுத்து சபாநாயகராக இருந்தபோது, அரசின் சகிப்பின்மையைக் கண்டித்துத் தலையங்கம் எழுதியதற்காக இந்து நாளிதழைச் சேர்ந்த ஐவருக்கும், அதை எடுத்து வெளியிட்ட முரசொலியின் ஆசிரியருக்கும் பதினைந்து நாள் சிறை என்று தீர்மானம் போட்டார்கள். சகிப்பில்லை என்று சொன்னவர்களைச் சிறையில் போடுவதை விட அந்தத் தலையங்கத்துக்கு வேறு நல்ல சான்று இருக்க முடியாது. மூன்றே நாளில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது.

இவை இரண்டையும் விட எனக்கு எப்போதும் வியப்பளிப்பது 1964இல் உத்தரப் பிரதேசத்தில் நடந்தது. கோரக்பூரைச் சேர்ந்த கேசவ் சிங் என்பவர், ஓர் உறுப்பினர் ஊழல் செய்தார் என்று துண்டறிக்கை வெளியிட்டார். கண்டனம் பெறுவதற்காக அவையின் முன் கொண்டுவரப்பட்டபோது அவர் சபாநாயகருக்கு முதுகைக் காட்டி நின்றார், கேட்ட கேள்விக்கு வாய் திறக்கவில்லை. அவர் எழுதிய கடிதத்தையும் சேர்த்துக் கணக்கில் கொண்டு அவை அவருக்கு ஏழு நாள் சிறை கொடுத்தது. அவருக்காக ஒரு வழக்குரைஞர் மனுச் செய்தார், அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் லக்னோ கிளையில் இரண்டு நீதிபதிகள் பிணை கொடுத்தார்கள். உடனே சட்டமன்றம், அந்த இரண்டு நீதிபதிகளையும் வழக்குரைஞரையும் காவலில் எடுத்துத் தன் முன் நிறுத்த வேண்டும் என்று தீர்மானித்தது! நீதிபதிகள் தங்கள் நீதிமன்றத்துக்கே மனுதாரர்களாகப் போனார்கள். உயர் நீதிமன்றத்தின் இருபத்தெட்டு நீதிபதிகள் ஒன்றாக அமர்ந்து அந்தத் தீர்மானத்துக்குத் தடை விதித்தார்கள். குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்க, கஜேந்திரகட்கர் தலைமையிலான ஏழு நீதிபதிகளில் அறுவர், அவை இட்ட சிறை ஆணையை நீதிமன்றம் பரிசீலிக்கலாம் என்றும், பிணை கொடுத்ததற்காக நீதிபதிகள் மீது அவை கைவைக்க முடியாது என்றும் கூறினர். இவ்வளவு பெரிய கொள்கை நிலைநாட்டப்பட்ட பிறகு கேசவ் சிங்குக்கு என்ன கிடைத்தது என்று கேட்பீர்கள். 1965இல் அவருடைய மனு தள்ளுபடியாகி, எஞ்சியிருந்த தண்டனையை அனுபவிக்கச் சிறைக்கே திரும்ப வேண்டியதாயிற்று.

தோட்டத்தில் வளர்ந்த நமக்கு இது விளங்காத விஷயமல்ல. அந்தக் காலத்தில் தோட்ட மேலாளரான துரையை எதிர்த்துப் பேசியவனைத் துரையே ஆபீசுக்குக் கூப்பிட்டு விசாரித்து, துரையே தீர்ப்பும் சொல்வார். புகார் கொடுத்தவரும் நீதிபதியும் ஒரே ஆள் என்றால், அந்த ஆளைத் தேர்தலில் நாமே தேர்ந்தெடுத்தோம் என்பதால் மட்டும் அது நியாயமாகிவிடாது என்பது என் கருத்து.

---

சிப்புட்_வாசகன்

இருவருக்கும் மிக்க நன்றி. ஐயா எழுதியதைப் படித்ததும் ஒரு சந்தேகம் வந்தது. 2009இல் நம் பேராக் சட்டமன்றத்தில், சபாநாயகராக இருந்த சிவகுமார் அவர்கள் மந்திரி பெசாரையே, அதாவது மாநில முதலமைச்சரையே, இடைநீக்கம் செய்தாரே, அதுவும் இதே அதிகாரம்தானா? 72ஆம் பிரிவு நீதிமன்றத்தைத் தடுக்கிறது என்றால், அங்கே நீதிமன்றம் எப்படி உள்ளே வந்தது?

---

பதில்: ஈப்போ_வழக்குரைஞர்

இதே அதிகாரம்தான். நம் மாநிலத்திலேயே நடந்ததால், இதை நிதானமாக எழுதுகிறேன்.

2009 பிப்ரவரி தொடக்கத்தில் மூன்று உறுப்பினர்கள் ஆதரவை விலக்கிக்கொண்டதால் நிசார் ஜமாலுடின் தலைமையிலான மக்கள் கூட்டணி அரசு கவிழ்ந்தது, சம்ரி அப்துல் காதிர் மந்திரி பெசாராகப் பதவியேற்றார். ஆனால் சபாநாயகர் நாற்காலியில் அப்போதும் துரோனோ உறுப்பினரான வீ. சிவகுமார்தான் இருந்தார். சம்ரியும் அவருடைய ஆறு ஆட்சிக்குழு உறுப்பினர்களும் முறையற்ற வகையில் பதவியேற்றுச் சட்டமன்றத்தை அவமதித்துவிட்டார்கள் என்ற புகார், இத்தகைய அவமதிப்பை விசாரிக்கும் அவையின் உரிமைக் குழுவின் முன் வந்தது. குழுவுக்கும் சிவகுமாரே தலைவர். பிப்ரவரி 18 அன்று சம்ரிக்குப் பதினெட்டு மாதமும் மற்ற அறுவருக்குப் பன்னிரண்டு மாதமும் இடைநீக்கம் என்று அறிவிக்கப்பட்டது. மார்ச் 3 அன்று, சட்டமன்றக் கட்டடத்துக்குள் விடாததால், ஈப்போவில் மாநிலச் செயலகத்துக்கு அருகே ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் அவை கூடியதை நம்மில் பலரும் நேரிலோ படத்திலோ பார்த்திருப்போம்.

சம்ரி தரப்பு நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றத்துக்குப் போனது. சிவகுமார் தரப்பின் வாதம் நீங்கள் கேட்டதேதான்: அவை நடவடிக்கையைக் கேள்வி கேட்க 72ஆம் பிரிவு இடம் தரவில்லை. 2009 ஏப்ரல் 16 அன்று நீதிமன்றம் ஒருமனதாக அந்த இடைநீக்கம் செல்லாது என்று அறிவித்தது. அதன் அடிப்படை, சபாநாயகருக்குச் சட்டம் கொடுத்திராத அதிகாரத்தை அவர் எடுத்துக்கொண்டார் என்பது. சட்டத்துக்குள் நடந்த ஒரு நடவடிக்கை சரியா தவறா என்று பார்ப்பது வேறு, அப்படிச் செய்ய அதிகாரமே இருந்ததா என்று பார்ப்பது வேறு. முதலாவதற்குக் கதவு அடைத்திருக்கிறது, இரண்டாவதற்குத் திறந்திருக்கிறது என்பதே சுருக்கம்.

அந்தக் கோடு சரியான இடத்தில்தான் விழுந்ததா என்பதில் வழக்குரைஞர்களுக்குள் இன்றுவரை கருத்து வேறுபாடு உண்டு. எதிர்க்கட்சியினர் நாடாளுமன்றத்தில் இடைநீக்கம் செய்யப்படும்போது உயரமாகத் தெரிகிற அந்தச் சுவர், பேராக்கில் மட்டும் ஏன் அவ்வளவு தாழ்வாக இருந்தது என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கும் அந்தக் கேள்வி இருக்கிறது. ஆனால் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். புகார் எந்த அரசைக் கவிழ்த்தது பற்றியதோ, அந்த அரசின் தரப்பைச் சேர்ந்தவரே குழுத் தலைவராக இருந்து, ஆளும் தரப்பின் ஏழு பேரை ஒன்றரை ஆண்டு, ஓராண்டு என்று வெளியே நிறுத்தினால், அவையின் எண்ணிக்கையே தலைகீழாகிவிடும். அவமதிப்பைத் தண்டிக்கும் அதிகாரம் வாக்கெடுப்பின் முடிவை மாற்றும் கருவியாகக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, அதை யார் செய்தாலும்.

மே 7 அன்று சிவகுமாரை நாற்காலியோடு இழுத்துச் சென்றதும், ஆர். கணேசன் புதிய சபாநாயகரானதும் அனைவரும் அறிந்ததே. அரசியலில் எதுவும் நிரந்தரமில்லை என்பதற்கு, 2022 டிசம்பரில் இதே சம்ரி வெளியுறவு அமைச்சராகவும் இதே சிவகுமார் மனிதவள அமைச்சராகவும் ஒரே அமைச்சரவையில் அமர்ந்தார்கள்.

---

பதில்: சங்கத்துப்_பெண்

அனைவரும் ஒரே பக்கமாகப் பேசுவதால் நான் சற்று மாறுபட்டு எழுதுகிறேன். தலைமையாசிரியர் ஐயா மன்னிக்க வேண்டும், துரையின் விசாரணையோடு இதை ஒப்பிடுவதை என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை.

தோட்டத் தொழிலாளர்களுக்கான வீடுகளைப் பற்றி 1990ஆம் ஆண்டுச் சட்டம், அதாவது சட்டம் 446, இருக்கிறது. அது மதிக்கப்படுகிறதா என்று விசாரிக்கச் சட்டமன்றம் ஒரு குழு அமைப்பதாக வைத்துக்கொள்வோம். கம்பெனியின் இயக்குநரை அழைத்தால் அவர் வர மாட்டார், கணக்கைக் கேட்டால் தொலைந்துவிட்டது என்பார். அப்போது அந்தக் குழுவின் கையில் என்ன இருக்கிறது? அவமதிப்புக்குத் தண்டனை இல்லையென்றால் அழைப்பாணை என்பது திருமண அழைப்பிதழுக்குக் கூட ஈடாகாது. இங்கிலாந்திலேயே 2019இல், குழுவின் முன் வர மறுத்த டொமினிக் கம்மிங்ஸ் அவையை அவமதித்தார் என்று மக்களவை தீர்மானம் போட்டது, வெறும் கண்டனத்தோடு முடிந்தது. அதே ஆண்டு ஜூலையில் அவர் பிரதமரின் ஆலோசகராகப் பதவியேற்றார். பல காலம் பயன்படுத்தாமல் விட்ட அதிகாரம் தேவைப்படும்போது எழுந்து நிற்காது என்பதற்கு இது போதும்.

எனவே அதிகாரமே வேண்டாம் என்று சொல்லும் முன், அது இல்லாமல் போனால் முதலில் மகிழப் போவது யார் என்று யோசியுங்கள். முகநூலில் எழுதுகிற நம் தம்பி அல்ல.

---

பதில்: பழைய_தலைமையாசிரியர்

சங்கத்துப்பெண் அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. வர மறுப்பவரை வரவழைக்கும் அதிகாரம் வேண்டும், அதில் எனக்கு வேறு எண்ணமில்லை. மனம் புண்பட்டது என்பதற்காகச் சிறையில் தள்ளும் அதிகாரம்தான் வேண்டாம் என்கிறேன். இரண்டையும் ஒரே பெயரில் கட்டி வைத்திருப்பதால்தான் இந்தக் குழப்பம்.

ஆஸ்திரேலியா இதைப் பிரித்துக் காட்டியது. 1955இல் அந்நாட்டின் கீழவை, ஓர் உள்ளூர்ப் பத்திரிகையின் உரிமையாளரான ஃபிட்ஸ்பாட்ரிக்கையும் அதில் எழுதிய பிரௌனையும், ஓர் உறுப்பினரை மிரட்டும் வகையில் எழுதினார்கள் என்று மூன்று மாதம் சிறைக்கு அனுப்பியது. நீதிமன்றம் தலையிட மறுத்தது. நெடுங்காலம் கழித்து, 1987இல் ஒரு சட்டம் இயற்றி, சிறை அதிகபட்சம் ஆறு மாதம், தனிநபருக்கு அபராதம் அதிகபட்சம் ஐயாயிரம் டாலர் என்று வரம்பு கட்டினார்கள். அவையையோ உறுப்பினரையோ இழித்துப் பேசுவது மட்டுமே அவமதிப்பாகாது என்று அதில் தெளிவாக எழுதினார்கள். சிறைக்கு அனுப்பும்போது காரணத்தை ஆணையில் விவரிக்க வேண்டும், அந்தக் காரணம் அவமதிப்பாகுமா என்பதை நீதிமன்றம் பார்க்கலாம் என்றும் வைத்தார்கள். அம்மா சொன்ன கம்பெனி இயக்குநரை இதில் பிடிக்கலாம், வாசகரின் தம்பியைப் பிடிக்க முடியாது.

---

பதில்: சங்கத்துப்_பெண்

அந்த வரம்போடு இருந்தால் எனக்கும் சம்மதமே. ஆனால் தண்டனையை நீதிமன்றத்திடமே ஒப்படைத்துவிடுவோம் என்று சிலர் சொல்வார்களே, அங்கே ஒரு எச்சரிக்கை. சிங்கப்பூரில் அப்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்த பிரித்தம் சிங் உரிமைக் குழுவிடம் பொய் சொன்னார் என்ற விவகாரம் அரசு வழக்குரைஞரிடம் அனுப்பப்பட்டு, 2025 பிப்ரவரியில் நீதிமன்றத்தில் இரண்டு குற்றச்சாட்டுக்கும் தலா ஏழாயிரம் வெள்ளி அபராதத்தில் முடிந்தது. நீதிபதி அவையைச் சேராதவர் என்பது உண்மை. ஆனால் யாரை அனுப்புவது என்று முடிவு செய்தது பெரும்பான்மைக் கட்சி நிறைந்த அவைதான்.

---

சிப்புட்_வாசகன்

நிறைய தெரிந்துகொண்டேன். தம்பியும் பக்கத்தில் அமர்ந்து படித்தான், எழுதியதை அழிக்கப் போவதில்லை என்கிறான். அவனுடைய கடைசிக் கேள்வி இது: அடுத்த கூட்டத்தொடரில் ஓர் உறுப்பினர் எழுந்து, இவன் பெயரைச் சொல்லி, பொய்யன் என்றோ பணம் வாங்கிக்கொண்டு எழுதுபவன் என்றோ பேசினால், இவன் அவர்மீது வழக்குப் போட முடியுமா?

---

பதில்: ஈப்போ_வழக்குரைஞர்

முடியாது. 72ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, சட்டமன்றத்திலோ அதன் குழுவிலோ ஓர் உறுப்பினர் பேசியதற்காக அவர்மீது எந்த நீதிமன்றத்திலும் நடவடிக்கை எடுக்க முடியாது என்கிறது. விதிவிலக்கு உண்டு, ஆனால் அது தனிமனிதரின் மானத்துக்கானது அல்ல. 1971இல் செய்த திருத்தத்தின்படி தேச நிந்தனைக் குற்றத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அதில் நமக்கு நெருக்கமான வழக்கு ஒன்று உண்டு. 1978 அக்டோபரில் மார்க் கோடிங் என்ற உறுப்பினர் நாடாளுமன்றத்திலேயே எழுந்து சீன, தமிழ்ப் பள்ளிகளை மூட வேண்டும் என்று பேசினார். அந்தப் பேச்சுக்காக அவர்மீது தேச நிந்தனை வழக்குத் தொடுக்கப்பட்டு, குற்றவாளி என்று தீர்ப்பானது. நன்னடத்தைப் பிணையோடு அவரை விட்டார்கள்.

தம்பியின் விஷயத்தில் அவர் செய்யக்கூடியது இரண்டு. ஒன்று, சபாநாயகருக்குக் கடிதம் எழுதி விளக்கம் கேட்கலாம். தன்னைப் பற்றிப் பேசியதற்கு மறுப்பைப் பதிவு செய்ய வேண்டும் என்று ஒரு குடிமகன் கேட்டால் அதை ஏற்பதும் தள்ளுவதும் சபாநாயகரின் விருப்பம். இரண்டாவதுதான் வலுவானது. அதே உறுப்பினர் அதே சொற்களை அவைக்கு வெளியே, செய்தியாளர் கூட்டத்திலோ தன் முகநூல் பக்கத்திலோ திரும்பச் சொன்னால், அந்தக் கணமே பாதுகாப்பு போய்விடும். அப்போது திரைப்பிடிப்பு எடுத்து, நாளையும் நேரத்தையும் குறித்து வைத்துக்கொண்டு, என்னிடம் வாருங்கள்.